இப்னு பதூதாவின் சாமான் மூட்டை



என்னிடம் படித்த தம்பி ஒருவர் முதுகில் ஒரு பேக்கோடு ஐந்தாறு நாடு சுற்றப் போகிறாராம். "சேர், என்ன சாமான் எடுக்கலாம்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நான் கட்டுநாயக்காவைத் தாண்டாதவன். ஆனால் வரலாற்றுப் பாடம் படிப்பிப்பவன் என்பதால், எனக்குத் தெரிந்த ஒரு பயணியின் மூட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

1325 இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடி தன்ஜியரிலிருந்து தனியாகப் புறப்பட்டார் இப்னு பதூதா. வகுப்பில் நாங்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் கடைசிவரை அப்படியே போனார் என்று நினைத்தால் பிழை. போகப் போகச் சாமான் கூடியது. குளிர்காலத்தில் வொல்கா பக்கம் போனபோது மூன்று மயிர்த்தோல் அங்கி, இரண்டு காற்சட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சோடிச் சப்பாத்து. குதிரையில் ஏற முடியாமல் கூட வந்தவர்கள்தான் தூக்கி வைத்தார்களாம்!

பிறகு டில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைத் தூதராக்கி, 100 குதிரை, 100 அடிமைகள் என்று பெரும் பரிசுகளோடு சீனாவுக்கு அனுப்பினார். கள்ளிக்கோட்டையில் இவர் ஜும்ஆவுக்காகக் கரையில் தங்கிவிட்டார். இரவில் புயல். பரிசுக் கப்பல் உடைந்தது. அதைக் கண்டு, இவருடைய சொந்தச் சாமான் இருந்த கப்பல் இவரை விட்டுவிட்டே பாய் விரித்துப் போய்விட்டது. மிஞ்சியது பத்து தீனாரும், படுத்த விரிப்பும்.

அந்தக் கப்பலில் போனவை பெட்டிகள் மட்டுமல்ல. இவருடைய அடிமைகளும் அதில்தான் இருந்தார்கள். கர்ப்பிணியான ஓர் அடிமைப் பெண் இறந்துபோன செய்தி பிறகுதான் வந்தது. அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதை நாங்கள் வகுப்பில் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

கையில் ஒன்றுமில்லாதவர் அடுத்து மாலைதீவில் காழியானார். மாலிகி பிக்ஹு படித்திருந்தார், அதைக் கடல் கொண்டுபோகவில்லை. 1344 இல் நம்ம புத்தளத்துக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தியிடம் இவர் கேட்டது பாவாத மலைக்குப் போக ஒரு வழி மட்டும்தான். மன்னர் பல்லக்குக் கொடுத்தார், கூட ஆட்களை அனுப்பினார். சாப்பாட்டுச் சாமான் தூக்க மட்டும் 15 பேர். மாணிக்கமும் கொடுத்தார்.

அந்த மாணிக்கம் நிலைக்கவில்லை. மலபார் கரையோரம் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்து, காற்சட்டையோடு மட்டும் இறக்கிவிட்டார்கள். புஹாராவில் அறிஞர்களின் கப்றுகளில் பார்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகளும் போயின. எனக்கு மாணிக்கத்தை விட அதுதான் கவலை.

அரை உடம்போடு கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் போனார். ஓர் ஆலிம் அங்கி அனுப்பினார், காழி தலைப்பாகை அனுப்பினார், ஒரு வியாபாரி இன்னோர் அங்கி. அதைப் போட்டுக்கொண்டு திரும்பவும் கப்பலேறினார். சீனா வரை போனதாக எழுதுகிறார். ஊர் திரும்பி, 1355 இல் இப்னு ஜுஸையிடம் சொல்லி எழுதுவித்த பயண நூலின் பெரும்பகுதி நினைவிலிருந்து வந்ததுதான்.

தம்பி, எத்தனை சோடி காலுறை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளிநாடு போய்வந்தவர்கள் கீழே எழுதுங்கள், அவருக்கு அனுப்பிவிடுகிறேன்.