வேஷமும் நடையும்

என் தங்கை பிள்ளைக்கு இருபத்தாறு வயது. அடர்ந்த மீசை. உடற்பயிற்சி செய்து செய்து தோள் இரண்டும் புடைத்திருக்கும். தீபாவளிக்கு வந்திருந்தவன் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான். திரையில் ஒரு பெண். இடுப்பில் வாள், முதுகில் நீண்ட பின்னல். பனிமலை ஒன்றில் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தாள்.

"யாருடா அவள்?" என்று கேட்டேன்.

"நான்தான் மாமா" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

"ஏன், ஆண் வேஷம் கிடைக்கவில்லையா?"

"கிடைக்காமல் என்ன? நூறு மணி நேரம் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடணும் மாமா. ஒரு தடியன் முதுகை எதுக்குப் பார்க்கணும்?"

சாமர்த்தியமான பதில்தான். பிற்பாடு தேடிப் படித்தபோது, எத்தனையோ நாட்டு ஆண்கள் இதே பதிலைச் சொல்லியிருப்பது தெரிந்தது. கேள்வி கேட்டவனைத் திண்ணையோடு திருப்பி அனுப்பிவிடுகிற பதில் அது. நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இம்மாதிரிப் பதில்களில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நானும் ஒரு நாவலில் பெண்ணாக இருந்து கதை சொன்னவன். ஏன் என்று கேட்டவர்களிடம், "கதைக்குத் தேவைப்பட்டது" என்று சொல்லித் தப்பியிருக்கிறேன்.

வீடியோ விளையாட்டுகளின் ஆதி நாட்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொடுத்த பொம்மையை ஆட்ட வேண்டியதுதான். 1980-ல் ஜப்பானில் வந்த பாக்-மேன், வாயைத் திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம். பெண்களும் வந்து ஆட வேண்டும் என்பதற்காகவே சாப்பாட்டை விஷயமாக எடுத்துக்கொண்டதாக அதை உருவாக்கிய தோரு இவாதானி சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்குள் அமெரிக்காவில் மிஸ் பாக்-மேன் வந்தாள். அதே மஞ்சள் வட்டம்தான். தலையில் ஒரு ரிப்பன், உதட்டில் சாயம், கன்னத்தில் ஒரு மச்சம். பெண் பிறந்துவிட்டாள்!

1986-ல் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட மெட்ராய்ட் கதை இதைவிட ருசியானது. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்ட ஒரு வீரன், வேற்றுக் கிரகத்தில் இறங்கி அரக்கப் பிராணிகளை வேட்டையாடுகிறான். ஆங்கிலக் கையேடும் 'அவன்' என்றே எழுதியிருந்தது. எத்தனையோ பையன்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து அந்தக் கவசத்துக்குள் புகுந்து போராடினார்கள். ஆட்டத்தைப் போதுமான வேகத்தில் முடித்தவனுக்கு மட்டும் கடைசியில் தலைக்கவசம் கழலும். உள்ளே ஒரு பெண். இத்தனை நேரம் தான் யாராக இருந்தோம் என்று அந்தப் பையன் ஒரு கணம் திகைத்திருப்பான் அல்லவா? அந்தத் திகைப்போடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் வேகமாக முடித்தவனுக்குப் பரிசாக அவள் உடையையும் குறைத்துக் காட்டினார்கள். வீராங்கனையைக் கண்டுபிடித்த கையோடு அவளைக் காட்சிப் பொருளாக்கிய அவசரத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

வேஷத்தை ஆட்டக்காரனே தேர்ந்துகொள்ளும் வசதி, படமே இல்லாத விளையாட்டுகளில்தான் முதலில் செழித்தது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவர் ராய் ட்ரப்ஷா 1978-ல் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டில் எல்லாம் எழுத்து மட்டுமே. குகை, பொக்கிஷம், வாள், மந்திரவாதி எல்லாமே வாக்கியங்கள். நுழையும்போது பெயரைக் கேட்கும். ஆணா பெண்ணா என்று கேட்கும். சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

அந்த வம்சத்தில் வந்தது, 1990-ல் கலிபோர்னியாவில் பேவல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்ப்டாமூ. அங்கே ஆண், பெண் இரண்டோடு விடவில்லை. அஃறிணை உண்டு, பன்மை உண்டு, ராஜாக்கள் தம்மை 'நாம்' என்று சொல்லிக்கொள்வதுபோல ராஜபாலும் உண்டு! இலக்கண வாத்தியார்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

கர்ட்டிஸ் தாம் கண்டதை 1992-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் சிலர் பெண் வேஷத்தில் உலவினார்கள். சிலருக்கு ஏமாற்றுவதில் குஷி. பெண்ணாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அறியும் ஆவல் சிலருக்கு. அதை அறிய வெகு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் காதுக்கு வந்த ஒரு சம்பவம்: இரண்டு புதியவர்கள் ஒரே சமயத்தில் உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் ஆண் பெயர், மற்றவர் பெண் பெயர். அங்கிருந்தவர்கள் எல்லோரும் பெண் பெயர்க்காரரைச் சூழ்ந்துகொண்டு, இடத்தைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார்கள். ஆண் பெயர்க்காரர் வாசலிலேயே நின்றார். அடுத்த வருஷம் ஏமி ப்ரக்மேன் என்ற ஆராய்ச்சியாளரும் இதையேதான் எழுதினார். பெண் பெயர் வைத்தால் உதவி தேடி வரும். தொல்லையும் கூடவே வரும். உதவி செய்தவன் பிரதியுபகாரம் எதிர்பார்ப்பான்.

நம்முடைய நாடக மேடையில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களை வாசகர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே டிக்கெட் வாங்கியவனுக்குச் சேலைக்குள் இருப்பது யார் என்று தெரியும். இங்கே தெரியாது. தெரியாததால் நஷ்டம் யாருக்கு என்பதையும் கர்ட்டிஸ் எழுதியிருக்கிறார். ஆண்கள் பெண் வேஷம் போடுகிறார்கள் என்ற செய்தி பரவியதும், உண்மையான பெண்களை நிறுத்திவைத்து, 'நீ பெண்தான் என்று நிரூபி' என்று அதட்டத் தொடங்கினார்களாம். வேஷம் கட்டியவன் கலைத்துவிட்டுப் போய்விட்டான். வரி கட்டியவள் வேறொருத்தி.

பிறகு படம் வந்தது. காமெரா ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. 1996-ல் லாரா கிராஃப்ட் கைத்துப்பாக்கிகளோடு புறப்பட்டாள். டோபி கார்ட் முதலில் வரைந்தது ஓர் ஆணைத்தானாம்! என் மருமகனின் 'முதுகு' வாதத்துக்கு வயது ஏறக்குறைய இவ்வளவுதான். எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1996-ல் ஜப்பானில் பிறந்த போக்கிமான் வரிசையில், சிறுமிகள் சிறுமியாகவே ஆடுவதற்கு 2000-ஆம் ஆண்டின் கடைசி வரை காத்திருந்தார்கள். அதுவரை அத்தனை பெண் குழந்தைகளும் பையன் வேஷத்தில்தான் ஊர் சுற்றினார்கள். அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

2014-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் 375 பேரை ஆடவிட்டுக் கவனித்தார்கள். ஆண்களில் நூற்றுக்கு 23 பேர் பெண் வேஷம் எடுத்தார்கள். பெண்களில் 7 பேரே ஆண் வேஷம் எடுத்தார்கள். பெண் வேஷம் போட்ட ஆண்கள் நீண்ட கூந்தலாகப் பார்த்துத் தேர்ந்தார்கள். பேச்சும் மாறியது, உணர்ச்சிச் சொற்களும் ஆச்சரியக் குறிகளும் கூடின. ஆனால் நடை மாறவில்லை. கூட்டத்தைவிட்டுத் தள்ளி நிற்பதும், பின்னோக்கி நகர்வதும், சும்மாவேனும் குதிப்பதும் மற்ற ஆண்களைப் போலவே இருந்தன. நாக்கு வேஷம் போட்டது, கால் போடவில்லை.

இதைப் படித்தபோது பழைய கடிதம் ஒன்று ஞாபகம் வந்தது. நான் பெண்ணாக இருந்து சொன்ன அந்த நாவலைப் படித்த ஒரு வாசகி எழுதியது. "உங்கள் கதாநாயகி பேசுவதெல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருக்கோடி வரை தனியாக நடக்கிறாளே, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா?" புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பார்க்கவில்லை. நிலாவைப் பார்த்திருக்கிறாள்.

இந்தக் கதையை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, 'ரஸ்ட்' விளையாட்டைப் பற்றியும் சொன்னேன். ஆளில்லாக் கடற்கரையில், கையில் ஒரு கல்லோடு கண் விழிக்க வேண்டும். 2016-ல் அதன் முதலாளிகள், ஆட்டக்காரரின் கணக்கு எண்ணைக் கொண்டே ஆணா பெண்ணா என்று விதித்துவிட்டார்கள். மாற்ற முடியாது. ஒரு காலையில் ஆயிரக்கணக்கான ஆண்கள் பெண்ணாக எழுந்தார்கள். கேட்க வேண்டுமா! புகார் மேல் புகார்.

"எனக்கு ஆண் வந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மருமகனின் தங்கை. அவளும் ஆடுகிறவள்தான். ஆண் பெயர், ஆண் உருவம். மைக்கை எப்போதும் மூடியே வைத்திருப்பாளாம்.

"ஏனம்மா?"

"குரல் கேட்டால் அப்புறம் ஆடவிட மாட்டார்கள் மாமா. எங்கே இருக்கிறாய், போட்டோ அனுப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள்."

அண்ணன்காரன் முதல் தடவையாகத் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினான். "நீ எந்தப் பெயரில்டி ஆடுகிறாய்?"

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நான் ஆடுகிற இடத்திலேயா?"

அவள் சிரிக்கவில்லை. பட்சணத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.