சிம்பிலிருந்து சாலைப் பலகைக்கு

ஆளிச் செடியின் தண்டை ஊறவைத்து, அடித்து, சீவினால் மெல்லிய நீள நார் ஒரு பக்கம் சேரும். சொரசொரப்பான சிம்பு மறுபக்கம் உதிரும். நார் லினன் துணிக்குப் போகும். சிம்பை முறுக்கி ஓட்டைகளிலும் இடுக்குகளிலும் திணித்து அடைப்பார்கள். இந்தச் சிம்புக்கு லத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்று பெயர், கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘ஸ்டாப்’ இதில்தான் முளைத்தது என்பதே சொல்லாய்வாளர் பலரின் முடிவு.

பிறந்தபோது அதற்கு நிறுத்துவது என்ற பொருளே கிடையாது. அடைப்பது ஒன்றுதான் வேலை. பழைய ஆங்கில மருத்துவக் குறிப்பொன்று காதைக் கம்பளியால் அடைக்கச் சொல்லும் இடத்தில் இதன் முன்னோர் தலைகாட்டுகிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இடுகாட்டில் நின்று, மாவீரன் அலெக்சாண்டரின் மண் கடைசியில் பீர்ப் பீப்பாயின் துளையை அடைக்கவும் ஆகலாமே என்று யோசிக்கும்போதும் இதே சொல்தான். அதே நாடகத்தில் குழலின் துளைகளுக்கும் அதே பெயர். பல் குழியை அடைப்பதைப் பிரிட்டனில் ‘ஸ்டாப்பிங்’ என்றார்கள். பாட்டில் மூடியான ‘ஸ்டாப்பர்’ இன்றும் நம் ஆய்வகங்களில் இருக்கிறது.

துளையை அடைத்தால் ஒழுக்கு நிற்கும். வழியை அடைத்தால் வருகிறவன் நிற்பான். பிறகு யாரும் மறிக்காமலே அவன் நின்றாலும் அந்தச் சொல்லே போதும் என்றாயிற்று. 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் திருப்பம் தொடங்கிவிட்டது.

அப்போது நிறுத்துவதைச் சொல்ல ‘சீஸ்’ (cease) ஏற்கெனவே பிரெஞ்சு வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. விட்டுக்கொடுத்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த அந்தச் சொல்லில் இன்றும் நீதிமன்ற வாசம். பின்னால் வந்த ‘ஹால்ட்’ ஜெர்மன் படைவீரனின் ஆணை. அதில் பூட்ஸ் ஓசை கேட்கும். ‘குவிட்’ என்றால் முதலில் கடன் தீர்த்து விடுபடுவது. அதனால்தான் வேலையை விடுவதற்கும் சிகரெட்டை விடுவதற்கும் அது அத்தனை இயல்பாக வருகிறது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா டேங்க் மைதானத்தில் ஒலித்த ‘குவிட் இந்தியா’ வெள்ளையனிடம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, வெளியேறச் சொன்னது.

நம் பாடநூல்கள் இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் ‘ஒத்த சொற்கள்’ என்று அடுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் எதை எங்கே போடுவதென்று தெரியாமல் திணறுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘புட் எ ஸ்டாப் டு’ என்றால் பெரும்பாலும் யாரோ குறுக்கே புகுந்து தடுத்தார்கள் என்று பொருள். பழைய அடைப்பு அதில் இன்னும் இருக்கிறது. ‘புட் அன் எண்ட் டு’ என்றால் அந்த விஷயமே முடிந்தது. அடிபட்ட காலில் வழியும் ரத்தத்தைத் துணி வைத்து அழுத்தி ‘ஸ்டாப்’ செய்யலாம். அங்கே ‘குவிட்’ ஒட்டாது. ‘ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டார். ‘ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் வழியில் நின்று ஒன்றைப் பற்றவைத்தார்!

இதே சொல் தந்தியிலும் ஏறியது. அங்கே புள்ளி தவறிப்போனால் பொருளே மாறிவிடும் என்பதால், வாக்கியம் முடியும் இடத்தில் ‘ஸ்டாப்’ என்று முழுச் சொல்லாகவே அனுப்பினார்கள். இந்தியாவில் 2013 ஜூலையோடு தந்தி சேவையே போய்விட்டது.

சாலைக்கு ‘ஸ்டாப்’ வந்தது 1915இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில்: வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. எட்டு மூலை வடிவம் 1923இல் முடிவானது. இருட்டில் சிவப்பு தெரியாது, வெயிலில் மங்காத சிவப்பும் அன்று கிடைக்கவில்லை. அதனால் பல ஆண்டுகள் மஞ்சளே ஓடியது. 1954இல்தான் சிவப்பு. 1968 வியன்னா சாலைக் குறியீட்டு ஒப்பந்தம் எட்டு மூலைப் பலகையை உலகெங்கும் கொண்டுபோனது. கனடாவின் கியூபெக் மாகாணம் பிரெஞ்சைக் காக்க ‘அரே’ என்று எழுதிக்கொண்டது. பிரான்சிலோ ‘ஸ்டாப்’ என்றே இருக்கிறது. ‘ஹால்ட்’ பிறந்த ஜெர்மனியிலும் பல ஆண்டுகள் சாலையோரம் நின்ற ‘ஹால்ட்’ பலகைகளை 1970களின் தொடக்கத்தில் கழற்றிவிட்டு ‘ஸ்டாப்’ பலகையை மாட்டினார்கள்.