உள்நோயாளிக் குழந்தைகளும் மருந்துப் பிழைகளும்

மருந்துப் பிழை என்பது யாது?

மருந்தை எழுதுதல், வழங்குதல், கலத்தல், செலுத்துதல் ஆகிய நிலைகளில் நேரும், தவிர்க்கக்கூடிய தவறே மருந்துப் பிழையாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள இரு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்துக் குறிப்புகளை ஆராய்ந்தபோது 616 பிழைகள் கண்டறியப்பட்டன. 2001இல் வெளியான இவ்வாய்வின்படி, தீங்கு விளைவிக்கக்கூடிய பிழைகள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு மிகுதி.

காரணங்கள்

• எடைக் கணக்கு: குழந்தைக்கான மருந்தளவு பெரும்பாலும் உடல் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடை தவறினால் அளவும் தவறும். தசமப் புள்ளி ஓரிடம் மாறினால் அளவு 10 மடங்காகிவிடும்.

• மருந்தின் செறிவு: 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. பாராசிட்டமால் எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் இது 6 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தையே 6 மி.லி. கொடுத்தால், குழந்தைக்கு 4 மடங்கு மருந்து சென்றுவிடும்.

• நீர்த்தல்: பெரியவர்களுக்கான ஊசி மருந்தைக் குழந்தைக்கேற்ப நீர்க்கச் செய்யும்போது கணக்குப் பிழை நேரலாம்.

• இடமாற்றம்: வள்ளூர், எண்ணூர் பகுதிக் குழந்தை முதலில் அருகிலுள்ள மருத்துவரிடமும், பின்னர் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ கொண்டு செல்லப்படலாம். முன்பு கொடுத்த மருந்தும் நேரமும் தெரிவிக்கப்படாவிடில், அதே மருந்து மீண்டும் தரப்பட வாய்ப்புண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• சேர்க்கையின்போது குழந்தையை எடை பார்த்துக் குறித்துள்ளனரா எனக் கேளுங்கள்.
• ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் புட்டிகளையும் சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகக் கொடுத்த நேரத்தைச் சொல்லுங்கள்.
• ஒவ்வாமை இருப்பின், ஒவ்வொரு மருத்துவரிடமும் செவிலியரிடமும் தெரிவியுங்கள்.
• மருந்து தரும் முன், குழந்தையின் பெயரையும் மருந்தின் பெயரையும் சரிபார்க்குமாறு கேளுங்கள். இவ்வாறு கேட்பது உங்கள் உரிமை, குறை கூறுவதாகாது.
• வீட்டு மருந்தை வார்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.
• வீடு திரும்பும்போது அளவை மி.லி.யில் எழுதி வாங்குங்கள். மருந்துடன் வரும் அளவுக் குவளையையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம்.

உடனடியாகத் தெரிவிக்க

மருந்துக்குப் பின் தடிப்பு, மூச்சுத்திணறல், அளவுமீறிய தூக்கம், வலிப்பு ஆகியவை தோன்றினால் செவிலியரை உடனே அழையுங்கள். வீடு திரும்பிய பின் இவை தோன்றினால், 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மருந்தின் பாதக விளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024இல் பதிவு செய்யலாம்.