நம்ம தாமான் திடல் எங்கிருந்து வந்தது?



வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி, அன்னதானக் கூடாரம் போட ஆலயத்துக்குப் பின்னால இருக்கிற திடலைக் கேட்டு ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதுறோம். வைப்புத்தொகை கட்டுறோம், குப்பை இல்லாம திருப்பிக் கொடுப்போம்னு கையெழுத்துப் போடுறோம். ஒவ்வொரு வருஷமும் தொண்டர் பிள்ளைங்க கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "அங்கிள், நாங்க தினமும் பந்து விளையாடுற இடம். இதுக்கு எதுக்கு அனுமதி? இந்தத் திடல் யாரோடது?"

நல்ல கேள்வி. ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது. நம்ம வட்டாரத்தோட உள்ளூர்த் திட்ட நகல், அதாவது 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்', சீக்கிரமே பொதுமக்கள் பார்வைக்கு வரப் போகுது. அதுக்கு முன்னாடி இந்தக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு தொண்டர் குழுவில் பேசி இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல தோட்டத்துக் காலம். நம்ம தாத்தா பாட்டி வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாமே இருந்துச்சு. லயத்து வீடு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டாய், பந்து விளையாட ஒரு திடல், கள்ளுக்கடை. ஆனா ஒரு அடி நிலம்கூட நம்ம பேர்ல இல்ல. எல்லாம் கம்பெனி நிலம். 1923-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயசுப் பிள்ளைங்க பத்துப் பேர் இருந்தா தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தணும்னு சொல்லுச்சு. கோயிலுக்கும் திடலுக்கும் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. துரை மனசு வச்சா கிடைக்கும், அவ்வளவுதான். திருவிழாவுக்கு லீவு கொடுக்கிறதும் கூடாரத்துக்குப் பலகை கொடுக்கிறதும் நிர்வாகத்தோட தயவு. தயவுல கிடைச்ச இடத்துக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? இதை மனசுல வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

அதே காலத்தில் பட்டணத்தில் என்ன நடந்துச்சு? தைப்பிங்கில் ஈயம் தோண்டி முடிச்சு விட்ட பள்ளங்களில் தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. அதைச் சீர்படுத்தி 1880-இல் பொதுப் பூங்காவா ஆக்கினாங்க. அதுதான் இன்னிக்கு நாம குடும்பத்தோட போற தைப்பிங் ஏரிப் பூங்கா, சுமார் 64 ஹெக்டர். 1884-இல் பினாங்கு தாவரவியல் பூங்கா. 1888-இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்கிற அரசாங்கப் பொருளாளர் முயற்சியில் கோலாலம்பூர் ஏரிப் பூங்கா. அழகான இடங்கள்தான். ஆனா அதெல்லாம் ஒரு அதிகாரிக்கு ஆசை வந்து, அரசாங்கம் சரின்னு சொன்னதால உருவானவை. சாதாரண ஜனங்க குடியிருக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு திடல் இருக்கணும்னு அப்போ விதி எதுவும் இல்ல.

அந்த எண்ணத்தை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவங்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தில் நகரத் திட்ட அதிகாரியா இருந்தவர். 1921-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்ட அதிகாரியா இங்க வந்தார். அந்த வருஷம் தொடங்கின இலாகாதான் வளர்ந்து இன்னிக்கு 'பிளான் மலேசியா'ன்னு நிக்குது. வீடு கட்டுறதுக்கு முன்னாடியே சாலை எங்க, கடை எங்க, திடல் எங்கன்னு வரைபடத்தில் குறிச்சிடணும், எல்லாம் கட்டி முடிச்சதுக்கு அப்புறம் இடம் தேடினா கிடைக்காது. இதுதான் அவர் கொள்கை. 1923-இல் நகரத் திட்டச் சட்டமும் வந்துச்சு.

போருக்கு அப்புறம் கோலாலம்பூரில் நெரிசல் தாங்க முடியல. 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்கிற ரப்பர் தோட்டத்தை, சுமார் 1,200 ஏக்கர், எடுத்து ஒரு புது நகரம் கட்டினாங்க. அதுதான் பெட்டாலிங் ஜெயா. செக்‌ஷன் செக்‌ஷனா பிரிச்சு, வீடுகளுக்கு நடுவுல பள்ளி, கடை, திடல்னு இடம் விட்டாங்க. இன்னிக்கு பழைய செக்‌ஷன்களில் வயசானவங்க காலையில் நடக்கிற திடல்கள் எல்லாம் அந்த வரைபடத்திலிருந்து வந்தவை. தோட்டம் போய் நகரம் வந்தாலும் பொது இடத்தைக் காப்பாத்த முடியும் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

இப்போ ஊராட்சி மன்றத்துக்கு வருவோம். நம்மில் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், ஒரு காலத்தில் ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டுப் போட்டோம். முதல் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்துச்சு. திடலில் விளக்கு எரியலன்னா, புல்லு வெட்டலன்னா, யாருக்கு ஓட்டுப் போட்டோமோ அவர்கிட்டயே போய்க் கேட்கலாம். 1965-இல் இந்தோனேசியா மோதல் காலத்தில் அந்தத் தேர்தல்களை நிறுத்தி வச்சாங்க. அதே வருஷம் ஊராட்சி மன்றங்களை ஆராய ஒரு அரச ஆணையம் அமைச்சாங்க. அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன், நம்ம தமிழர். 1968-இல் முடிஞ்ச அந்த ஆணையத்தின் அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள்தான் வேணும்னு பரிந்துரை செஞ்சுது. அரசாங்கம் அதை ஏத்துக்கல. 1976-ஆம் வருஷ ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கும்னு ஆக்கிடுச்சு. ஒரு மன்றத்துக்குக் குறைஞ்சது 8 பேர், அதிகபட்சம் 24 பேர்.

ஓட்டு போனது பெரிய இழப்புதான். ஆனா அதே 1976-இல் வந்த இன்னொரு சட்டம் நமக்கு வேற ஒரு கதவைத் திறந்து வச்சிருக்கு. நகர, கிராமத் திட்டச் சட்டம், சட்டம் 172. தீபகற்பத்தில் இருக்கிற மாநிலங்களுக்கு இதுதான் அடிப்படை. இதன்படி எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழிற்சாலை, எது திறந்தவெளி, எங்க மண்டபம், எங்க வழிபாட்டுத் தலம்னு உள்ளூர்த் திட்டம் போடணும். போட்டா மட்டும் போதாது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும், ஆட்சேபனை கேட்கணும். உள்ளூர்த் திட்டமே இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்துல மேம்பாடு வருதுன்னா, பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும், அவங்க 21 நாளுக்குள்ள ஆட்சேபனை சொல்லலாம். சட்டம் 171-லயும் நமக்கு ஒரு உரிமை இருக்கு. ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. மன்றமே வேற மாதிரி தீர்மானிச்சாலொழிய, யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

அளவு என்ன? வீடமைப்புத் திட்டங்களுக்கான வழிகாட்டியில் திறந்தவெளிக்கு 10 விழுக்காடு. 50 ஏக்கர் தாமான்னா 5 ஏக்கர். நாட்டு அளவில் வச்சிருக்கிற இலக்கு 1,000 பேருக்கு 2 ஹெக்டர், அதாவது சுமாரா மூணு பந்துத் திடல். உங்க தாமானில் எத்தனை பேர், எத்தனை திடல்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இவ்வளவு இருந்தும் நம்ம கோயில்களுக்கு ஏன் இவ்வளவு நிலப் பிரச்சினை? இங்கதான் முதல்ல சொன்ன தோட்டத்துக் கதை வருது. 1980, 90-களில் தோட்டங்கள் ஒண்ணு ஒண்ணா கைமாறி வீடமைப்பா ஆனபோது, புது வரைபடம் போட்டாங்க. கோயில் நூறு வருஷமா அங்கதான் நின்னுச்சு, ஆனா பத்திரத்தில் இல்ல. பத்திரத்தில் இல்லாதது வரைபடத்திலும் வரல. சாமி இருந்த இடம் மேம்பாட்டாளரோட நிலமா ஆச்சு. லயத்துப் பிள்ளைங்க விளையாடின திடலுக்கும் அதே கதிதான். சனங்களுக்குப் பக்தி குறைஞ்சதால கோயில் நிலம் போகல. எழுத்தில் இல்லாததால போச்சு.

இதே விஷயத்தை வேற ஒரு பக்கத்திலிருந்து காட்டின வழக்கு ஒண்ணு கோலாலம்பூரில் நடந்துச்சு. புக்கிட் கியாரா தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கிட்டபோது, அங்க வேலை செஞ்ச தமிழ்க் குடும்பங்களை 1982-இல் தற்காலிகமா நீண்ட வீடுகளில் வச்சாங்க. நிரந்தர வீடு வரும்னு சொன்னாங்க. தற்காலிகம் முப்பது வருஷம் தாண்டியும் நீண்டுக்கிட்டே போச்சு, சுமார் 100 குடும்பம். பக்கத்தில் சுமார் 25 ஏக்கரில் தாமான் ரிம்பா கியாரா பூங்கா. 2017-இல் அந்தப் பூங்காவில் பாதி அளவுக்கு, சுமார் 12 ஏக்கரில், உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட அனுமதி கொடுத்தாங்க. அதுக்குள்ள ஒரு கட்டடம் நீண்ட வீட்டு மக்களுக்கு.

பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனாங்க. 2018-இல் உயர் நீதிமன்றத்தில் தோத்தாங்க. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயிச்சாங்க. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அவங்க பக்கமே தீர்ப்புச் சொல்லுச்சு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அதன் சாரம் இதுதான்: மக்களைக் கேட்டு, கெசட் செஞ்ச கட்டமைப்புத் திட்டத்தில் பூங்கான்னு சொல்லியிருந்தா, டத்தோ பண்டார் நினைச்சபடி அதைத் தாண்டிப் போக முடியாது. அதுக்குச் சட்டபூர்வ மதிப்பு இருக்கு. மாத்துறதா இருந்தா காரணம் சொல்லணும். கோலாலம்பூருக்கு 1982-ஆம் வருஷத் தனிச் சட்டம் இருக்கு, அதனால நம்ம மாநில மன்றத்துக்கு எல்லாம் அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல. ஆனா திட்ட வரைபடம் சும்மா சுவத்துல மாட்டுற படம் இல்லன்னு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அந்த வழக்கில் நமக்கு வலிக்கிற இடமும் ஒண்ணு இருக்கு. பூங்காவைக் காப்பாத்தினா தோட்டத்து ஜனங்களுக்கு வீடு கிடைக்காது, வீடு கொடுத்தா பூங்கா போயிடும்னு பேச்சை அமைச்சுட்டாங்க. ரெண்டு தரப்பையும் எதிர் எதிரா நிக்க வச்சாங்க. வரைபடம் போடும்போதே அந்த 100 குடும்பத்துக்கும் ஒரு ஓரத்தில் நிலம் குறிச்சிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. பூங்காவும் வேணும், வீடும் வேணும்.

சரி, நம்ம திடலுக்கு வருவோம். லாட் எண்ணை எடுத்துக்கிட்டுப் போய் விசாரிச்சுட்டோம். இப்போதைய திட்டத்தில் அது பச்சை நிறம், அதாவது திறந்தவெளி. மேம்பாட்டாளர் அரசாங்கத்துக்கு ஒப்படைச்சுட்டார். ஆனா தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் பொது உபயோகத்துக்குன்னு இன்னும் கெசட் ஆகல. கெசட் ஆன நிலத்தை மாத்தணும்னா முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து விசாரணை வைக்கணும். கெசட் ஆகாத நிலத்துக்கு அந்த வேலி இல்ல. புது திட்ட நகலில் நிறம் மாறினா, நாம கவனிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

நம்ம பக்தர்கள் சிலர் நல்லெண்ணத்தோட ஒரு யோசனை சொன்னாங்க. கெசட் ஆகலன்னா நாமளே அந்தத் திடலை ஆலயத்துக்குக் கேட்கலாமே, கார் நிறுத்தலாம், மண்டபம் கட்டலாமேன்னு. குழுவில் நல்லாப் பேசிட்டோம். வேண்டாம்னு முடிவு. சாயங்காலம் அந்தத் திடலில் மலாய்ப் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்க, நம்ம பிள்ளைங்க எல்லாம் சேர்ந்துதான் பந்து உதைக்கிறாங்க. காலையில் சீன அக்காமார் உடற்பயிற்சி செய்றாங்க. எல்லாருக்கும்னு வரைபடத்தில் எழுதின இடத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டா, நாளைக்கு வேற ஒருத்தர் நம்மகிட்ட இருந்து எடுக்கும்போது நாம எந்த வாயால பேசுறது? அன்னதானத்துக்கு மூணு நாள் அனுமதி வாங்கிக்கிறோம், அது போதும். ஆலயத்துக்கு நிலம் வேணும்னா, சமூகச் சேவைக்குன்னு திட்டத்தில் தனியா ஒதுக்குற நிலத்தில் முறையா கேட்போம். எழுத்தில் கேட்போம்.

அதனால நாம செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு, திட்ட நகல் வெளியானதும் ஆலய மண்டபத்தில் நம்ம பகுதி வரைபடத்தைப் பெருசா ஒட்டி வைப்போம். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்கிட்டு, ஒரு நிமிஷம் நின்னு உங்க வீடு எங்க, திடல் எங்கன்னு பாருங்க.

ரெண்டு, கருத்துப் பாரத்தைப் பூர்த்தி செஞ்சு கொடுங்க. நகல் எடுத்துத் தருவோம், மலாயில் எழுத உதவி செய்ய நம்ம இளைஞர்கள் இருப்பாங்க. திடல் பச்சையாவே இருக்கணும், கெசட் செய்யணும், வழிபாட்டுத் தலத்துக்குத் தனி நிலம் ஒதுக்கணும். இந்த மூணும் பாரத்தில் வரட்டும். குறிச்ச சில வாரத்துக்குள்ள கொடுத்தாதான் செல்லும்.

மூணு, பக்கத்து வீட்டு மலாய்க்காரர், சீனர்கிட்டயும் சொல்லுங்க. ஆலயம் மட்டும் கேட்டா அது கோயில் விஷயம். தாமானே கேட்டா அது தாமான் விஷயம்.

பிள்ளைங்க கேட்ட கேள்விக்குப் பதில்: திடல் நம்ம எல்லாருடையதும், ஆனா யாருக்கும் சொந்தம் இல்ல. அதனாலதான் அனுமதி கேட்கிறோம். அதனாலதான் காவலும் இருக்கணும்.

அம்பாள் அருள் அனைவருக்கும் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர் குழு