வெட்டிவேரும் நாணலும்

மும்பை ஆண்டாப் ஹில்லில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது மழையை. இந்நகரில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். கடையில் வாங்கி விரித்த புல்தரை, குடியிருப்பு வளாகத்தின் கால்வாய் ஓரத்தில் ஆகஸ்டுக்குள் அழுகிப்போகும். அந்த ஈர இடங்களில் நம் நாட்டுப் புற்களான வெட்டிவேரையோ நாணலையோ வைக்கலாம். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றதை வைத்துவிடக் கூடாது.

அழகில் நாணலுக்கே முதலிடம். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைப் பூங்கதிர் விட்டு, கரை முழுவதையும் வெளுக்க அடிக்கும். கரும்பின் காட்டு உறவு அது. கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கடராமனும் கரும்பை நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. கரும்புக்கு நாணல் தந்த அந்த வலிமைதான் தோட்டத்தில் தொல்லை. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓடும், பஞ்சு விதை காற்றில் பறக்கும். பனாமாவில் கைவிடப்பட்ட வயல்களை வளைத்துக்கொண்டு, காட்டு மரங்கள் திரும்ப முளைக்கவிடாமல் தடுப்பதும் இதே புல்தான்.

வெட்டிவேரின் பூ கண்ணைப் பறிக்காது. வளைந்து தொங்கும் பச்சைத் தாள்தான் அதன் அழகு. வேலை எல்லாம் மண்ணுக்குக் கீழே: வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர்வரை போகும். சில நாள் தண்ணீரில் மூழ்கினாலும் சாகாது. தென்னிந்தியாவில் பயிராகும் வகை முளைக்கும் விதை தருவதில்லை என்பதால் நட்ட இடத்தைவிட்டு நகராது. வடக்கே ஆற்றோரங்களில் தானாக வளரும் வகை விதைக்கும். நாற்று வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஆகவே, சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில் இரண்டடி மண்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், வெட்டிவேர்தான். ஜூன் முதல் மழையில் மூன்று நான்கு தூர்களாகப் பிரித்து, தாளை ஒரு சாணுக்கு நறுக்கி, அரையடி இடைவெளியில் ஒரே வரிசையாக நட வேண்டும். நல்ல வெயில் வேண்டும்; மர நிழலில் மெலிந்துவிடும். கடலூர்ப் பக்கம் எண்ணெய்க்காக வேரைத் தோண்டி எடுப்பார்கள். வாசனைக்கு ஆசைப்பட்டு அதைக் கால்வாய்க் கரையில் செய்தால், வேர் பிடித்திருந்த மண் அடுத்த மழையிலேயே சரியும்.

நாணலுக்கு விசாலமான குளக்கரை வேண்டும். இடமில்லாதவர்கள் ஆசைக்கு ஒரு தூரை, அடியில் வடிதுளையுள்ள ஆழமான சிமெண்ட் தொட்டியில் வைக்கலாம். கதிர் பஞ்சாக உதிருமுன் அறுத்துவிட வேண்டும். தாளின் விளிம்பு கையைக் கிழிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மாஹிம் கழிமுகம்போலக் கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் சேற்றுக்கு இரண்டுமே வேண்டாம். அது அலையாத்தி மரங்களின் இடம்.