காசு கற்பித்த கணக்கு

கடைக்காரர் ஒரு பொருளை எந்த விலைக்கு வாங்குகிறார், எந்த விலைக்கு விற்கிறார்? விற்கும் விலைதான் அதிகம் என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் இந்த எளிய உண்மை ஒரு குழந்தைக்கு எந்த வயதில் புலப்படுகிறது?

குழந்தையின் சிந்தனை வயதுக்கேற்பப் படிப்படியாக வளர்கிறது என்றார் சுவிஸ் அறிஞர் ழான் பியாஜே. அப்படியானால் பணத்தைப் பற்றிய அறிவும் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே வயதில் முதிரும் என்று நாம் எண்ணக்கூடும். இதை ஆராய்ந்தவர் ஸ்காட்லாந்து உளவியல் பேராசிரியர் குஸ்தாவ் யாஹோடா. கிளாஸ்கோ நகரச் சிறுவர்களைக் கடை விளையாட்டு விளையாடச் செய்து, 1979இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றே எனப் பல சிறுவர் நினைத்தனர். சுமார் 10, 11 வயதில்தான் இலாபம் என்ற கருத்து பிடிபடத் தொடங்கியது.

ஜிம்பாப்வேயில் 9 முதல் 11 வயது வரையுள்ள சிறுவர்களிடமும் அவர் இதே சோதனையை நடத்தினார். 1983இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. பின்தங்கியிருந்தவர்கள் ஐரோப்பியச் சிறுவர்களே! ஆப்பிரிக்கச் சிறுவர்கள் சிறு வியாபாரத்தில் நேரடியாகப் பழகியவர்கள். ஆகவே இலாபத்தை முன்னதாகவே உணர்ந்திருந்தனர்.

அனுபவம் இத்தனை கற்பிக்குமானால், அது பள்ளிக் கணக்கிலும் உதவுமா? பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் 5 சிறுவர்களை ஆராய்ந்து, கராயர் தம்பதியரும் ஷ்லீமனும் 1985இல் விடை தந்தனர். வாடிக்கையாளர் போல் கேட்டபோது 98 சதவீத விடைகள் சரி. அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் தந்தபோது 37 சதவீதமே சரி!

ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ; நான்குக்கு எவ்வளவு? 12 வயதுக் குழந்தை ஒன்று, மூன்றுக்கு 105, அதோடு 30, பிறகு 5 என்று கூட்டி 140 என்றது. 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னபோதோ, 200 என்றது! நாலைந்து இருபது, மீதி 2ஐ முதலில் 3உடன் கூட்டி, பிறகு 4ஆல் பெருக்கிவிட்டது. விடை பொருந்துகிறதா என்று தேங்காயை நினைத்துப் பார்க்கவில்லை.

இதனால் பள்ளி முறை வீண் என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய எண்களுக்கும் எல்லா அளவுகளுக்கும் பொருந்துவது அதுவே. ஆனால் மாலையில் கடையில் உதவிவிட்டு வந்து, கணக்குத் தேர்வில் தவறும் மாணவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவரை மந்தம் என்று சொல்லுமுன், அந்தக் கணக்கையே விலையாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.