ஓலையில் பெயரில்லாத பாட்டன்

1922ஆம் ஆண்டு சூன் திங்கள் 30ஆம் நாள். அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினில், நான்கு நீதிமன்றங்கள் என வழங்கும் பெருங்கட்டடத்தை ஒட்டி நின்ற அரசு ஆவணக் களரி வெடித்தது, எரிந்தது. விடுதலையின் விளிம்பிலே நின்ற நாடு, உடன்பிறந்தாரோடு உடன்பிறந்தார் மோதிய உள்நாட்டுப் போரிலே சிக்கித் தவித்த வேளை அது. எழுநூறு ஆண்டுகளின் ஏடுகள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரை வீடுவீடாய்ச் சென்று எழுதிய மக்கள் கணக்குகளிற் பெரும்பகுதி அன்று மறைந்தது.

தீ செய்த கேடு இது. ஆட்சி செய்த கேடு இதனினும் சிறிதன்று. 1861, 1871ஆம் ஆண்டுகளின் கணக்கேடுகளை அரசே ஆணையிட்டு அழித்தது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. முழுமையாய் எஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டே. ஒரு நாட்டு மக்களின் நினைவைக் கொல்லக் குண்டு வேண்டுவதில்லை. அலட்சியமான ஓர் அலுவலக ஆணையே போதும்!

ஆயினும் அயர்லாந்து மக்கள் சோர்ந்து விட்டனரா? இல்லை. 1845 முதல் 1852 வரை அந்நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறிக் கடல் கடந்தனர். அவ்வாறு சென்றோரின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இன்று அமெரிக்காவிலிருந்தும் ஆத்திரேலியாவிலிருந்தும் வந்து தம் வேரைத் தேடுகின்றனர். மக்கள் கணக்கு எரிந்து போனால் என்ன? 1823 முதல் 1837 வரை திருச்சபைக்கு வாங்கிய பதின்கூறு வரியின் பட்டியல் இருக்கிறது. 1847 முதல் 1864 வரை கிரிஃபித் என்பார் தலைமையில் நிலமும் வீடும் மதிப்பிட்ட ஏடு இருக்கிறது. சிற்றூர்க் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கின்றன. எரிந்த ஏட்டின் படிகள் வேறெங்கேனும் உளவா என்று உலகெங்கும் தேடித் தொகுத்து, தீயிட்ட நூறாம் ஆண்டாகிய 2022இல், மின்வடிவில் அந்தக் களரியை மீண்டும் எழுப்பத் தொடங்கினர்.

இந்தக் கதை நாஞ்சில் நாட்டாருக்கு எதற்கு என்று கேட்கலாம். சொல்லுகிறோம்.

அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814இல் பிறந்த ஒருவர், பின்னாளில் நம் மொழிக் குடும்பத்தின் குடிவழியையே தேடிப் புறப்பட்டார். அவர்தாம் இராபர்ட் கால்டுவெல். நாகர்கோவிலில் ஊழியம் புரிந்த சார்லஸ் மால்ட்டின் மகள் எலிசாவை 1844இல் மணந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ் யாருக்குப் பிறந்தது, யாரோடு பிறந்தது என்பதற்குப் புராணத்தை அவர் சான்றாக்கவில்லை. சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டார். வேரை வேரோடு பொருத்தினார்.

அவரே 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி ஒரு நூல் எழுதினார். அங்கே ஒரு மக்கட் கூட்டத்தையே தாழ்த்திப் பேசினார், எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது நியாயமே. ஆனால் மறுப்புரைத்தோருட் பலர் என் செய்தனர்? "நாங்களும் அரச குலமே" என்று பழங்கதைகளை அடுக்கினர். இழிவைத் துடைக்க இன்னொரு புராணம்! இலக்கணத்தில் சான்றைப் பின்பற்றிய அறிஞரும் மக்களைப் பற்றி எழுதுகையில் வழுக்கினார். அவரை மறுத்தோரும் சான்றை விட்டுக் கதையைப் பற்றினர். குடும்ப வரலாறு தேடுவோர் இவ்விரு பள்ளங்களையும் கண்டு நடத்தல் வேண்டும்.

அவ்வாறாயின், நாஞ்சில் நாட்டில் நாம் எதைக் கொண்டு தேடுவது?

நம்மிடம் ஏடு இல்லையென்று எவரும் சொல்லற்க. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பம் பேணிய ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டறிந்து வெளிப்படுத்தினார். பின்னர் ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். சுசீந்திரம் கோயிற் கல்வெட்டுகளைக் கொண்டு கே. கே. பிள்ளை 1953இல் ஒரு பெருநூலே செய்தார். திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாய்க் கிடக்கின்றன. 1883இல் தொடங்கி 1911 வரை நடந்த திருவிதாங்கூர் நிலவரித் திட்டம் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் எழுதி வைத்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தன. மன்னராட்சிக் காலத்துப் பழைய ஏடுகளைத் தேடுவோரோ திருவனந்தபுரம் செல்லவே வேண்டும்.

ஏடு கிடைத்தால் மட்டும் போதாது. படிக்கத் தெரிய வேண்டும். பழைய ஓலைகள் பல வட்டெழுத்தில் உள்ளன. ஆண்டு கொல்லம் ஆண்டு; அது ஆவணியிற் பிறப்பது. ஆவணி முதல் மார்கழியின் நடுப்பகுதி வரையுள்ள நாளாயின் 824ஐயும், அதன் பின்னர் ஆடி முடிய உள்ள நாளாயின் 825ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். கொல்லம் 1030 ஆனி என்று கண்டால் அது 1855 சூன், சூலை. நிலத்தை ஏக்கரில் தேடாதீர்; 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று விதையின் அளவால் அது சொல்லப்பட்டிருக்கும்.

இன்னொரு திருப்பமும் உண்டு. அயர்லாந்தில் தந்தையின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலேறலாம். நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பத்திலோ அந்த ஏணி பாதியில் நின்றுவிடும். ஏன்? அங்கே சொத்து மகனுக்குப் போகவில்லை; சகோதரியின் மகனாகிய மருமகனுக்குப் போயிற்று. பெற்ற பிள்ளைக்கு 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு சிறு பங்கு, மீதி மருமக்களுக்கு. ஆதலால் பத்திரத்தில் ஒருவருக்குப் பின் வரும் பெயர் அவர் மகனுடையது என்று எண்ணினால் குடும்பமே தலைகீழாகும். இந்த முறையால் விதவையரும் பிள்ளைகளும் வழக்குமன்றத்தில் அலைந்து அழிந்த கொடுமையைத்தான் கவிமணி தம் மருமக்கள்வழி மான்மியத்தில் நகையும் கண்ணீருமாய்ப் பாடினார். 1926இல் இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. தெய்வம் வகுத்தது, மாற்றலாகாது என்று சொல்லப்பட்ட வழக்கம், ஒரு சட்டத்தால் மாறிற்று. வானம் இடிந்து விழவில்லை!

இதுவரை சொன்னவை எல்லாம் நிலமுடையார் கதை. நிலமற்றவன் பேரன் எங்கே தேடுவான்?

கிரிஃபித்தின் ஏட்டைத் திறந்தால், குத்தகைக்கு விட்டவர் பெயர் இருக்கும். குத்தகை கொண்டவர் பெயரும் இருக்கும். பிறர் குடிசையில் ஒதுங்கிக் கூலிக்கு உழைத்தவன் பெயர் இராது. பஞ்சத்தில் முதலில் மாண்டவன் அவனே. ஏட்டில் இடம் பெறாதவனும் அவனே. நம் நாட்டு நிலை அதனினும் கொடிது. 1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள் 12,80,668 பேர். அவருள் அடிமைகள் 1,64,864 பேர். எட்டுப் பேரில் ஒருவர்! நிலத்தோடு விற்கப்பட்டனர், நிலமின்றியும் விற்கப்பட்டனர். புலையர் என்றும் பறையர் என்றும் பெயரிடப்பட்ட அம்மக்களின் பாட்டன் பாட்டியரை அரசாங்கத்து ஏட்டில் தேடினால், பெரும்பாலும் ஆளைக் காணோம், விலையைக் காண்கிறோம். ஆண்டையின் பெயர் ஏழு தலைமுறைக்கு உண்டு. அடிமையின் பெயர் ஒரு வரிக்கும் இல்லை. ஏடு பொய் சொல்லவில்லை, தோழர்களே! எழுதியவன் யாரை மனிதன் என்று எண்ணினான் என்பதை அது உள்ளபடி சொல்லுகிறது.

1853ஆம் ஆண்டின் அறிவிப்பு அரசு அடிமைகளின் பிள்ளைகளை விடுவித்தது. 1855 சூன் 24ஆம் நாள் வந்த அறிவிப்பு அடிமை முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முன்னரே மயிலாடியில் வேதமாணிக்கத்தின் முயற்சியால் 1806இல் ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தார். 1809இல் கோயில் எழுந்தது. அந்த ஊழியத்தின் பதிவேடுகளில் எளியவர் பெயரும் மையில் ஏறியது. நாம் எந்த மதத்துக்கும் பரிந்து பேசவில்லை. தீண்டாதார் என்று தெருவில் ஒதுக்கப்பட்டவனுக்கும் ஒரு பெயர் உண்டு, அவன் மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு, அவன் குழந்தை பிறந்ததும் ஒரு நாள்தான் என்று எழுதிய ஏடு வரலாற்றுக்குச் சான்று என்கிறோம், அவ்வளவே. திருமுழுக்கில் பெயர் மாறும் என்பதை நினைவிற் கொண்டு அதைப் படிக்க வேண்டும். அவ்வூழியர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் காக்கப்படுகின்றன. அவற்றில் உண்மையும் உண்டு. உதவி வேண்டி எழுதிய மிகையும் உண்டு. ஒன்றை மற்றொன்றோடு ஒட்டிப் பார்த்தே கொள்ள வேண்டும்.

குடும்ப வரலாறு சாதிப் பெருமைக்குத் தோரணம் அன்று. தேடத் தொடங்குவோன் தன் முன்னோரில் அரசனைத் தேடினால், அவனுக்குக் கட்டுக்கதை எழுதிக் கொடுப்பார் உளர். உண்மையைத் தேடினால், ஆள் வாங்கிய ஓலையில் தன் கொள்ளுப்பாட்டனின் கையொப்பத்தையும் காண நேரலாம். அதைக் கண்டு மறைக்காதவனே வரலாற்று மாணவன். வாங்கியவன் பேரனும் விற்கப்பட்டவன் பேரனும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே ஓலையைப் படிக்கும் நாளில், அந்த ஓலை செய்த அநீதியிற் பாதி அங்கேயே சாகும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இது. பரணிற் கிடக்கும் ஓலைக் கட்டை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடாதீர். பழைய பத்திரத்தை எடைக்குப் போடாதீர். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டிப் படியெடுத்து வையுங்கள். டப்ளின் தீ கற்பித்த பாடம், படி இருந்த ஏடு மாளாது என்பதே. ஏடே இல்லாத வீடாயின், இன்றே ஒரு குறிப்பேட்டோடு பாட்டியின் அருகில் அமருங்கள். அவளுடைய தாயின் பெயர் என்ன, எந்த ஊர், எந்த வயலில் நாற்று நட்டாள், என்ன கூலி பெற்றாள் என்று கேளுங்கள். கேட்ட நாளோடு எழுதுங்கள்.

ஆண்டையின் கணக்கன் எழுத மறுத்த பெயரை அவள் பேரன் எழுதட்டும். ஓலையில் இல்லாத பாட்டனும் பாட்டியும் அந்தக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுந்து நிற்பர்.